கோடையில் சிற்றூருக்குக் குடிவந்தவர்களுக்கு: எதை, எப்போது, எப்படிச் சாப்பிடுவது

சென்னையிலிருந்து பெரியகுளம் பக்கம் குடிவந்த முதல் வருஷம். ஏப்ரல் மாதம். பதநீர் குடிக்கலாம் என்று காலை பதினோரு மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பினேன். புளியமரத்தடியில் பானை இருந்தது, மடித்த ஓலைப்பட்டைகள் கிடந்தன, விற்கிறவர் பானையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். "எட்டரைக்கே முடிஞ்சுபோச்சே தம்பி. நாளைக்கு வெள்ளன வாங்க" என்றார். மறுநாள் வெள்ளன போனால், ராத்திரி பெய்த மழையில் மரம் வழுக்குகிறது என்று அவர் ஏறவே இல்லை. மூன்றாம் நாள்தான் கிடைத்தது.

நகரத்துப் பழக்கடை ராத்திரி பத்து மணி வரை நமக்காகத் திறந்திருக்கும். இங்கே அப்படியில்லை. ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு வாரம் உண்டு, ஒரு வேளை உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் முற்றலும் புளிப்பும்தான் கைக்கு வரும். மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர் என்று தென் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றுக்கு வேலைமாற்றலிலோ கல்யாணத்திலோ புதிதாக வந்திருப்பவர்களுக்காக, நான் ஏமாந்து ஏமாந்து கற்றதை இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை: தமிழ் மாதத்தைக் கவனியுங்கள்

இங்கே யாரும் "மே மூன்றாவது வாரம்" என்று பழத்தின் வரவைச் சொல்லமாட்டார்கள். "வைகாசி பொறந்ததும் வரும்" என்பார்கள். ஆகவே ஒரு தினசரி நாள்காட்டி வாங்கிச் சுவரில் மாட்டுங்கள்.

மாசி, பங்குனியில் மாவடு வரும். கூடவே கொடுக்காப்புளியும் தர்பூசணியும். சித்திரையில் நுங்கும் பதநீரும் வெள்ளரிப்பழமும், மாம்பழத்தில் செந்தூரமும் பங்கனப்பள்ளியும். வைகாசி என்றால் இமாம்பசந்து, மல்கோவா, பலா, கொடைக்கானலிலிருந்து இறங்கும் பிளம்ஸ். ஆனியில் நீலம். ஆடியில் நாவல். மழையும் வெயிலும் பார்த்து ஒரு பத்து நாள் முன்னே பின்னே ஆகும், அவ்வளவுதான்.

மே 4-ஆம் தேதியை ஒட்டித் தொடங்கி 28 வரை போகும் அக்னி நட்சத்திரத்தில் பகல் பதினொன்றிலிருந்து நான்கு மணி வரை சந்தைக்குப் போவதை மறந்துவிடுங்கள். உங்களுக்காக மட்டும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் தள்ளுவண்டியில் இருக்கும் பழமும் பாதி வெந்திருக்கும்.

எங்கே போவது

உழவர் சந்தை இருக்கிற ஊர் என்றால் முதலில் அங்கே. 1999 நவம்பர் 14-ஆம் தேதி மதுரை அண்ணா நகரில் முதல் சந்தையைத் திறந்தார்கள். அதற்கப்புறம் மாநிலம் முழுக்கப் பரவியது. விவசாயிகள் இடைத்தரகர் இல்லாமல் நேரடியாக விற்கிறார்கள், அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். விடிகாலையிலேயே தொடங்கிவிடும். ஆறரைக்குப் போனால் நல்லதைப் பொறுக்கலாம், ஒன்பதுக்குப் போனால் மிச்சத்தைப் பொறுக்கலாம்.

இரண்டாவது வாரச்சந்தை. உங்கள் ஊரில் எந்தக் கிழமை என்று டீக்கடையில் கேளுங்கள். மூன்றாவது, சாலையோரத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டிமார். இவர்களிடம் பத்துப் பதினைந்து பழம்தான் இருக்கும். வீட்டுக் கொல்லையில் நிற்கும் ஒற்றை மரத்துப் பழமாக இருக்கும், பெயர்கூட இருக்காது. என் அனுபவத்தில் ஊரின் நல்ல சுவைகள் பாதி இந்தச் சாக்கில்தான் இருக்கின்றன. பேரம் பேசாதீர்கள். "ஆத்தா, இது யார் வீட்டு மரம்? என்னைக்குப் பறிச்சது?" என்று கேளுங்கள். பதில் சொல்லும்போதே தெரிந்துவிடும், பழம் அவருடையதா, மண்டியிலிருந்து வந்ததா என்று.

நுங்கு

நுங்கு வாங்கத் தெரிந்தால் ஊரில் பாதி ஆள் ஆகிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

பனையில் ஆண் மரம், பெண் மரம் உண்டு. பெண் பனைதான் காய்க்கும். எது எது என்று பாளை விட்ட பிறகுதான் தெரியும், அதற்கே பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். தமிழ்நாட்டின் மாநில மரம் இதுதான். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நுங்கு விற்கிறவர் உச்சிவரை ஏறிக் குலையை வெட்டிக் கயிற்றில் இறக்க வேண்டும். அதை நினைத்துக்கொண்டால், "ரெண்டு கண்ணு சேர்த்துப் போடுங்கண்ணே" என்று கேட்க நாக்கு கொஞ்சம் கூசும். கேட்பது வழக்கம்தான், கேட்டுக்கொள்ளலாம்.

வாங்கும் முறை இது. வெட்டி வைத்த சுளையை வாங்காதீர்கள், உங்கள் கண்முன்னே காயைச் சீவச் சொல்லுங்கள். ஒரு காயில் பெரும்பாலும் 3 கண் இருக்கும், சிலதில் 2. "இளசாப் பாத்துக் குடுங்க" என்ற ஒரு வாக்கியம் போதும். அரிவாள் சீவியதும் கண்ணைக் கட்டைவிரலால் மெதுவாக அமுக்கிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் தளும்புகிற மாதிரி அமுங்கினால் இளசு. ஈறு மாதிரி கெட்டியாக இருந்தால் பக்குவம் தாண்டப்போகிறது. வெள்ளையாக, தேங்காய்ப் பருப்பு மாதிரி விறைத்திருந்தால் கடுக்காய் என்பார்கள். அதை வாங்கித் தின்றால் ராத்திரி வயிறு பேசும். முதல் வருஷம் காசு கொடுத்த பாவத்துக்கு ஆறு கடுக்காயை மென்று முழுங்கினேன், ஆகவே தெரியும்.

அங்கேயே சாப்பிடுவதென்றால் சுளையாக எடுக்கச் சொல்லாதீர்கள். மேலே சீவிய காயைக் கையில் வாங்கி, கட்டைவிரலைக் கண்ணுக்குள் விட்டு நோண்டி உறிஞ்சுங்கள். முதல் குத்தில் தண்ணீர் சட்டையில் பீய்ச்சும். வெள்ளைச் சட்டையோடு போகவேண்டாம், அந்தக் கறை லேசில் போகாது. காலியான காயைத் தூக்கி எறியாமல் பக்கத்தில் நிற்கிற பிள்ளைகளிடம் கொடுங்கள். இரண்டு கூந்தலுக்கு (நுங்கு எடுத்த காலிக் காயைத்தான் அப்படிச் சொல்வார்கள்) நடுவே ஒரு குச்சியைச் செருகி, கவைக்கம்பால் தள்ளி நுங்கு வண்டி ஓட்டுவார்கள். மிச்சத்தை மாடு தின்னும்.

வீட்டுக்குக் கொண்டுபோனால் அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். தோல் உரிக்க வரவில்லை என்றால் பத்து நிமிஷம் தண்ணீரில் போட்டு வைத்தால் சுலபமாக வரும். அந்தத் துவர்ப்புத் தோலோடு தின்பதுதான் வயிற்றுக்கு நல்லது என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்குத் தோலோடு பிடிக்கும். வீட்டில் மற்றவர்களுக்குப் பிடிக்காது. உரிக்கும்போது வழிகிற தண்ணீரை வேர்க்குருவில் தடவிக்கொள்வதும் இங்கே வழக்கம், குளிர்ச்சியாக இருக்கும்.

நுங்குப் பால் செய்யலாம். பாலைக் காய்ச்சி, சர்க்கரையும் ஒரு ஏலக்காயும் தட்டிப் போட்டு நன்றாக ஆறவிட வேண்டும். குளிர்ந்த பிறகே நுங்கைப் பொடியாக நறுக்கிச் சேருங்கள். சூட்டில் போட்டால் நுங்கு விறைத்து ரப்பர் ஆகிவிடும். பாலே வேண்டாம் என்றால் மசித்த நுங்கில் நன்னாரி சர்பத், எலுமிச்சைச் சாறு, ஊறவைத்த சப்ஜா விதை. இதில் அளவு சொல்ல ஒன்றுமில்லை.

பதநீர்

ராத்திரி முழுக்கப் பாளையிலிருந்து கலயத்தில் சொட்டிய சாறு இது. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருப்பார்கள். அது இல்லையென்றால் சாறு புளித்துக் கள்ளாகிவிடும், கள் இறக்கத் தமிழ்நாட்டில் தடை. சுண்ணாம்பு இருந்தாலும் வெயில் ஏற ஏறப் பதநீர் திரியத் தொடங்கும். அதனால்தான் எட்டரைக் கணக்கு.

ஏழு மணிக்குப் போங்கள். வீட்டிலிருந்து டம்ளர் எடுத்துப் போகாதீர்கள். பச்சை ஓலையை மடித்துக் கட்டிய பட்டையில் ஊற்றித்தான் குடிக்க வேண்டும், அதில் இரண்டு நுங்கு போட்டுக் கேளுங்கள். ஓலையின் வாசம் சேர்ந்தால்தான் பதநீர். முதல் வாய் குடிக்கும்போது நுரை பொங்கிக்கொண்டு, நாக்கில் சுர்ரென்று இருந்தால் அன்றைக்கு வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்துவிடலாம். பாட்டிலில் அடைத்து மூடிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவது மட்டும் கூடாது, மூடி தெறிக்கும்.

மிஞ்சியதை உடனே காய்ச்சி, பச்சரிசி போட்டுப் பொங்கல் வைக்கலாம். வெல்லமே தேவையில்லை. காய்ச்சிக் காய்ச்சிப் பாகாக்கிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி, ஆனால் அது வீட்டில் செய்து பார்க்கிற வேலை இல்லை. அதற்கு உடன்குடி இருக்கிறது.

மாம்பழம்: அவசரப்படாதீர்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் பெரியகுளத்தைச் சுற்றி மாந்தோப்புகள்தான். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரியும் இங்கேதான் இருக்கிறது. (நட்ட வருஷமே காய்க்கிற பி.கே.எம். 1 முருங்கையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பி.கே.எம். எங்கள் ஊர்தான்.) இவ்வளவு இருந்தும் புதிதாக வருகிறவர்கள் ஏப்ரல் முதல் வாரத்திலேயே வண்டியில் மஞ்சளாகக் குவித்திருப்பதை வாங்கி, "இதுக்கா இந்தப் பேரு" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். அந்த மஞ்சள் பெரும்பாலும் மரத்தினுடையதாக இருக்காது.

கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி தடை, 2011-இல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளிலேயே இருக்கிறது. அந்தக் கல்லிலிருந்து வரும் அசிட்டிலீன் வாயுவில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்திருக்க வாய்ப்புண்டு. எத்திலீன் வாயு வேறு கதை. அது பழம் தானாகவே வெளியிடுவது, 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் நூறு பங்கு) வரை பயன்படுத்த அனுமதி உண்டு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு எல்லாப் பழத்தையும் சந்தேகப்பட வேண்டாம். தோல் முழுக்க ஒரே சீரான மஞ்சள், காம்பருகே மூக்கை வைத்தால் வாசமே இல்லை, வெட்டினால் உள்ளே வெளிறிப் புளிக்கிறது என்றால் கைவைக்காதீர்கள். போன வருஷம் ஒரு பெரிய கடையில் அட்டைப்பெட்டியோடு வாங்கிய பங்கனப்பள்ளி இப்படித்தான் இருந்தது. மூன்றாம் நாள் தோலில் கறுப்புத் திட்டு.

இதற்கு ஒரே நல்ல வழி, முற்றிய காயாக வாங்கி வீட்டில் பழுக்கவைப்பது. அதன் படிகள்:

1. முற்றிய காயைத் தேர்ந்தெடுங்கள். காம்புக்கு இரண்டு பக்கமும் தோள் மேடாக எழும்பியிருக்க வேண்டும், காம்பு அந்த மேட்டுக்குள் பள்ளத்தில் இறங்கியிருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் வீட்டில் வாளித் தண்ணீரில் போடுங்கள். முற்றிய காய் மூழ்கும், பிஞ்சு மிதக்கும்.

2. காம்பை ஒரு விரற்கடை விட்டு வாங்குங்கள். காம்பு ஒடிந்த இடத்தில் வடியும் பால் பட்டால் தோல் வெந்துபோகும், காயின் தோலும் சரி, உங்கள் தோலும் சரி.

3. மரப்பெட்டியிலோ பழைய கூடையிலோ வைக்கோல் பரப்பி, காய் ஒன்றின்மேல் ஒன்று அழுத்தாமல் அடுக்கி, மேலே வைக்கோல் போட்டு மூடுங்கள். வைக்கோல் இல்லாவிட்டால் அரிசி மூட்டை. அரிசிக்கு வாசம் ஏறும், சோற்றில் இரண்டு நாள் மாம்பழம் மணக்கும். எங்கள் வீட்டில் யாரும் இதுவரை புகார் சொல்லவில்லை.

4. மூன்றாம் நாளிலிருந்து தினமும் திறந்து பாருங்கள். ஒன்று அழுகினால் உடனே எடுத்துவிடுங்கள், கூட இருப்பதையும் கெடுக்கும். நான்கு, ஐந்து நாளில் ஒவ்வொன்றாகத் தயாராகும். எல்லாம் ஒரே நாளில் பழுக்காது, அதுதான் இதில் சௌகரியம்.

5. பழுக்கும் முன்னால் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் காய் பழுக்காமலே தோல் கறுக்கும். பழுத்த பிறகு இரண்டு நாள் வைக்கலாம்.

6. சாப்பிடும் முன் அரை மணி நேரம் தண்ணீரில் போடுங்கள். காம்புப் பாலும் அழுக்கும் போகும். சூடு தணியும் என்று அப்பத்தாக்கள் சொல்வதும் இதைத்தான்.

ரகத்துக்கு வருவோம். செந்தூரம் முதலில் வரும், தோளில் சிவப்பு, விலை குறைவு, குழந்தைகளுக்கு. காளப்பாடி சிறியது, பார்க்க ஒன்றுமில்லை, தின்றால் விடமாட்டீர்கள். பெயர் தெரியாமல் தாண்டிப்போகிறவர்கள்தான் அதிகம், நீங்கள் தாண்டாதீர்கள். மல்கோவா உருண்டையாக, ஒன்றே ஒரு குடும்பத்துக்குப் போதும். கிளிமூக்கைப் பழமாகத் தின்பதைவிட, காயாக நீளநீளமாக நறுக்கி உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்ன வேண்டும்.

இமாம்பசந்து பற்றி மட்டும் தனியாக. தோல் பழுத்தும் பச்சையாகவே இருக்கும், ஆகவே நிறத்தை நம்பாதீர்கள், வாசத்தை நம்புங்கள். தோல் மெலிது, ஒரு இடி தாங்காது, அதனால்தான் தூரத்து ஊர்களுக்குச் சரியாகப் போய்ச் சேருவதில்லை. விலை மற்றதைவிட இரண்டு மூன்று மடங்கு சொல்வார்கள். சீசனும் சில வாரம்தான். வருஷத்தில் ஒருமுறையாவது, வேறு எதையும் சேர்க்காமல், வெறும் பழமாகச் சாப்பிடுங்கள். இதை மில்க் ஷேக் போடுகிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

கடைசியில் வரும் நீலத்தைக் குறைவாக எடைபோட வேண்டாம். இதுதான் தயிர்சோற்றுக்கு உகந்த பழம். கொட்டையைப் பிளந்தால் சில சமயம் உள்ளே கறுப்பு வண்டு உட்கார்ந்திருக்கும். பூச்சி பிஞ்சிலேயே முட்டையிட்டுவிடும், புழு கொட்டைக்குள் போய் வளரும். சதை நன்றாக இருந்தால் பயப்படாமல் சாப்பிடலாம்.

கோடை மழைக் காற்றில் உதிர்ந்த காய் மறுநாள் சந்தையில் குவிந்து கிடக்கும், விலை பாதிக்கும் கீழே. பழுக்கவைக்க ஆகாது. மாங்காய்ப் பச்சடி, தொக்கு, சாம்பார், இல்லாவிட்டால் உப்பில் போட்டுக் காயவைத்த வற்றல். காற்றடித்த ராத்திரிக்கு அடுத்த காலை கூடையோடு கிளம்பிவிடுங்கள்.

மற்ற பழங்கள், சுருக்கமாக

வெள்ளரிப்பழத்தை நகரத்தில் பார்த்திருக்க மாட்டீர்கள். பழுத்ததும் பூ மாதிரி தானாக வெடித்து மாவு மாவாக இருக்கும். வெறுமனே தின்றால் ருசி தெரியாது. நாட்டுச் சர்க்கரை தூவிப் பிசைந்து உடனே சாப்பிட வேண்டும், அரை மணி கழித்துப் பார்த்தால் தண்ணீராக நிற்கும். வெடித்ததை வண்டியில் பின்னால் கட்டிக்கொண்டு போகாதீர்கள், வீட்டுக்குக் கயிறுதான் வந்துசேரும்.

முழுப் பலா வாங்கும் முன் வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். வாங்கிவிட்டால் கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, தரையில் பேப்பர் விரித்துப் பிறகு வெட்டுங்கள். கொட்டைகளைக் கழுவி நிழலில் உலர்த்தினால் ஒரு மாசத்துக்குக் குழம்பில் போடலாம். இரண்டே பேர் என்றால் சுளையாக எடை போட்டு வாங்குவதே புத்தி.

கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. விதை உண்டு, கொஞ்சம் புளிப்பும் உண்டு. பழமாகத் தின்பதைவிடப் பிழிந்து சாறாக்குவதற்கு நல்லது. தர்பூசணியில் தரையில் கிடந்த பக்கத்துத் திட்டு நல்ல மஞ்சளாக இருந்தால் எடுங்கள், வெட்டி வைத்த பத்தையைத் தவிருங்கள், போதும்.

சர்பத்தும் ஐஸும்

பஸ் நிலையத்துச் சர்பத் கடையில் நன்னாரியும் எலுமிச்சையும் அருமையாக இருக்கும். சந்தேகப்பட வேண்டியது ஐஸை மட்டும். மீன் முதலியவற்றைக் கெடாமல் வைக்கிற ஐஸில் நீல நிறம் கலக்க வேண்டும் என்பது 2018 முதல் விதி. கட்டியில் நீலச் சாயல் தெரிந்தால் நடையைக் கட்டுங்கள். நான் "ஐஸ் வேண்டாம், பானைத் தண்ணியில போடுங்க" என்று கேட்டுப் பழகிவிட்டேன். ஒன்றும் குறைவதில்லை.

பிள்ளைகளுக்குச் சேமியா ஐஸ் வீட்டிலேயே செய்துவிடலாம். அரை லிட்டர் பாலை முக்கால் பங்காகச் சுண்டக் காய்ச்சி, ஒரு கைப்பிடி சேமியாவைத் தனியே வேகவைத்து வடித்துச் சேர்த்து, சர்க்கரையை வழக்கத்தைவிடக் கொஞ்சம் தூக்கலாகப் போடுங்கள். உறைந்தால் இனிப்பு மட்டுப்படும். ஆறியதும் சின்ன டம்ளர்களில் ஊற்றி உறையவிட்டு, பாதி இறுகியதும் குச்சியைச் செருகுங்கள். முதலிலேயே செருகினால் குச்சி சாய்ந்து படுத்துக்கொள்ளும்.

கூழ்வத்தல்: மொட்டைமாடி இருந்தால்

இதைத் தனியாகச் செய்யாதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம், "நீங்க எப்ப வத்தல் போடுறீங்க, நானும் சேந்துக்கிறேன்" என்று சொல்லிவையுங்கள். இதைவிட நல்ல அறிமுகம் ஊரில் கிடையாது.

பங்குனிக் கடைசியிலிருந்து சித்திரை முடிவதற்குள் போட்டுவிட வேண்டும், அப்புறம் கோடை மழை வரும். மழைக் குறி தெரிந்தால் ஆரம்பிக்காதீர்கள். "காலையில வெயில் நல்லாத்தானே இருந்துச்சு" என்று நான் தைரியமாகப் போட்ட ஒரு வேட்டி வத்தல், சாயங்கால மழையில் மறுபடியும் கூழாகி மாடிக் குழாய் வழியாக வாசலில் இறங்கியது.

அளவு: 1 டம்ளர் பச்சரிசி மாவு, கால் டம்ளர் ஜவ்வரிசி, 6 டம்ளர் தண்ணீர். ஜவ்வரிசியை முதல் நாள் ராத்திரியே ஊறவையுங்கள். நாலு பச்சை மிளகாயை உப்போடு அரைத்துக்கொள்ளுங்கள். விடிகாலை ஐந்து மணிக்கு அடுப்பை ஏற்றினால்தான் வெயில் வரும்போது துணியில் இருக்கும். தண்ணீர் கொதித்ததும் ஜவ்வரிசியைப் போட்டுக் கண்ணாடி மாதிரி வேகவிட்டு, மாவைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கைவிடாமல் கிண்டுங்கள். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பக்குவம். மிளகாய் விழுது, சீரகம், பெருங்காயம், இறக்கியபின் ஒரு மூடி எலுமிச்சைச் சாறு.

உப்பில்தான் எல்லாரும் தவறுவார்கள். கூழை ருசி பார்க்கும்போது உப்பு சரியாக இருந்தால் அதிகம் போட்டுவிட்டீர்கள் என்று பொருள். காய்ந்து சுருங்கும்போது உப்பு சேர்ந்து ஏறும். அரை உப்பாக இருக்கும்போதே நிறுத்துங்கள்.

பழைய பருத்தி வேட்டியை நனைத்துப் பிழிந்து மாடியில் விரித்து, நாலு மூலையிலும் செங்கல் வைத்து, கரண்டி கரண்டியாக ஊற்றுங்கள். காக்காய்க்குக் கறுப்புக் குடையை விரித்து நடுவில் வைப்பார்கள். அதைவிட ஒரு பையனைக் குடையின் கீழ் உட்காரவைப்பது நம்பகமானது. அவன் தின்பது காக்காய் தின்பதைவிடச் சற்று அதிகமாக இருக்கும், பரவாயில்லை. உண்மையில் இந்த வேலையின் முக்கியப் பலகாரமே அவன் தின்பதுதான். மதியத்துக்கு மேல், மேலே தோல் கட்டி உள்ளே ஈரமாக இருக்கும் அரைக்காய்ச்சல் வத்தல். எந்தக் கடையிலும் விற்பதில்லை, விற்கவும் முடியாது. காலையில் பாத்திரத்தின் அடியில் ஒட்டிய சூட்டுக் கூழில் நல்லெண்ணெய் விட்டு வழித்துத் தின்பது அதற்கு அடுத்தபடி.

மறுநாள் துணியைத் திருப்பிப் பின்புறம் தண்ணீர் தெளித்தால் வத்தல் கழன்று வரும். தட்டில் போட்டு இன்னும் இரண்டு நாள் வெயில் காட்டுங்கள். ஒடித்தால் சட்டென்று உடைய வேண்டும். வளைந்தால் இன்னும் ஒரு நாள். நன்றாகக் காய்ந்ததை டப்பாவில் அடைத்தால் அடுத்த கோடை வரை வரும்.

கிண்ணம் திரும்பும் வழி

இந்த மூன்று மாசமும் வீட்டுக்கு வீடு கிண்ணம் போய்க்கொண்டே இருக்கும். மாவடு ஒரு வீட்டிலிருந்து, பலாச்சுளை இன்னொரு வீட்டிலிருந்து. வந்த பாத்திரத்தைக் கழுவி வெறுமனே திருப்பித் தராதீர்கள். நாலு பழம் போட்டுக் கொடுங்கள். ஒன்றும் இல்லையென்றால் ஒரு கரண்டி சர்க்கரையாவது. முதல் வருஷம் இது தெரியாமல் பளபளவென்று தேய்த்து வெறும் தூக்குவாளியைக் கொடுத்தேன். பக்கத்து வீட்டு அப்பத்தா ஒன்றும் சொல்லவில்லை. அவர் உள்ளே எட்டிப் பார்த்த விதம் போதுமானதாக இருந்தது.

ஆனி முடிந்து நீலமும் தீரும்போது, ஆடிக் காற்றில் தெருமுனைத் தள்ளுவண்டிகளில் நாவல் வந்திருக்கும். படி கணக்கில் அளந்து தருவார்கள். பெரிதாக, கறுப்பாக, சற்றே மெத்தென்று இருப்பதைப் பார்த்து வாங்கி, கழுவி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு மூடிய பாத்திரத்தில் நாலு குலுக்குக் குலுக்குங்கள். துவர்ப்பு அடங்கும். பிறகு கண்ணாடியில் நாக்கைப் பார்த்துக்கொள்ளலாம். நுங்குக்குச் சொன்னதுதான் இதற்கும், வெள்ளைச் சட்டை வேண்டாம்.